செத்த குதிரைச் சேம்பு

மூன்று நாளாக வடக்கிலிருந்து காற்று.
மெனோர்க்காத் தீவில் அதன் பெயர் த்ரமுந்தானா.
வாடை என்று நாம் சொன்னால்
காற்றும் ஆகும், நாற்றமும் ஆகும்.
அன்று காலை தோஃபோலின் மூக்குக்கு
இரண்டும் சேர்ந்தே வந்தன.

குதிரை காணாமற்போய் ஐந்தாம் நாள்.
ஃபோஸ்கா. இருட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
நெற்றியில்கூட ஒரு பொட்டு வெள்ளை கிடையாது.
திருநாள் கூட்டத்தின் நடுவே பின்னங்காலில் எழுந்தால்
ஊர் முழுக்கக் கைதூக்கி
அதன் நெஞ்சைத் தொட முண்டியடிக்கும்.

காட்டு ஒலிவக் கிளைகளை வளைத்துச் செய்த கதவு.
கொக்கி மாட்டப்படாமல் தொங்கியது.
"நானில்லை" என்றான் தோஃபோல்.
"அப்போது நானா?" என்றாள் தங்கை பிராக்செதிஸ்.
அதற்குப் பிறகு
ஒரே மேசையில் இரண்டு வேளைச் சாப்பாடு,
உப்பை நகர்த்தும் சத்தம் மட்டும்.

இப்போது இந்த நாற்றம்.
கல்சுவருக்கு அப்பால்,
பாறைகள் கடலுக்கு இறங்கும் சரிவிலிருந்து.
குமட்டலில் இனிப்புக் கலந்த அந்த வகை
அவனுக்குப் பழக்கம்; ஒருமுறை கோடையில்
சினைக் குதிரை ஒன்றை இரண்டு நாள் தாமதித்துப் புதைத்தவன்.
ஈக்கள் அவனை முந்திக்கொண்டு பறந்தன,
நீலமும் பச்சையுமாய்,
வேலைக்கு நேரமானவர்கள் போல.

சுவர் ஏறவில்லை. தொலைபேசியை எடுத்தான்.
"செத்துக் கிடக்கிறது."
"பார்த்தாயா?"
"பார்க்க என்ன இருக்கிறது."
காற்று குறுக்கே பேசியது.
"கொக்கி," என்றான், "நான்தான் மாட்டவில்லை.
கையில் தண்ணீர் வாளி இருந்தது.
காலால் தள்ளிவிட்டு வந்தேன்."
அந்தப் பக்கம் பதில் இல்லை;
வண்டி கிளம்பும் சத்தம் வந்தது.

பிறகுதான் ஏறினான்.

குதிரை இல்லை.
இரண்டு பாறைக்கு நடுவே
ஒரு பூ.
பூ என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.
உரித்துப்போட்ட தோல்போல ஒற்றை மடல்,
இளஞ்சிவப்பில் கருஞ்சிவப்புத் திட்டு, முழுக்க மயிர்;
நடுவில் ஒரு வால், அதிலும் மயிர்,
வாலடியில் ஈ நுழைய ஒரு வாசல்.
பின்புறம் காட்டிப் படுத்த பிணத்தை
முழ நீளத்தில் யாரோ செய்து வைத்ததுபோல.

சேம்புக்குச் சொந்தம்தான். ஆனால் அதன் பேரினத்தில்
அக்காள் தங்கை கிடையாது, அது ஒன்றே ஒன்று.
சில தீவுகள், கடற்பறவை எச்சமும் அழுகலுமான பாறைகள்,
அவ்வளவுதான் அதன் உலகம்.

தொட்டான். காய்ச்சல் கண்ட காதுபோல
வாலில் சூடு.
ஈக்கள் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன,
ஒன்றன் பின்னால் ஒன்று, முட்டை வைக்க.
உள்ளே இறைச்சியும் இல்லை, தேனும் இல்லை.
முள்போன்ற மயிர்கள் உண்டு, திரும்ப விடாதவை.
அவன் சுவர்க்கல் ஒன்றில் உட்கார்ந்தான்.
கொக்கி என்ற சொல்லை
இனி எந்த வழியாக உள்ளே இழுப்பது?

பிராக்செதிஸ் மண்வெட்டியோடு வந்தாள்,
வண்டியில் சுண்ணாம்பு மூட்டை.
சுவருக்கு மேல் தலை தெரிந்தது.
பூவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
சிரிப்பு முடியாமலே கண்ணைத் துடைத்தாள்,
எல்லாம் இந்த நாற்றம் என்றாள்.
வெகுநேரம் கழித்து,
"வாளி அவ்வளவு கனமா?"
"பாதிதான் இருந்தது."

மறுநாள் வந்தபோது நாற்றம் அடங்கியிருந்தது.
மயிர்கள் வாடித் தொங்க
ஈக்கள் ஒவ்வொன்றாய் ஏறி வந்தன,
முதுகில் பூந்தூள்.
மடலின் ஓரத்தில் நின்று காலைத் தேய்த்துக்கொண்டு
அடுத்த நாற்றத்துக்குப் பறந்தன.

ஃபோஸ்கா இன்னும் வரவில்லை.
அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்,
பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடி.
பாதி தூரத்தில் அவன் திரும்பி ஓடிவந்து
கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.
சுண்ணாம்பு மூட்டை
வண்டியிலேயே கிடந்தது, வாய் கட்டியபடி.